ஸ்டேட்மென்ட்டில் மஞ்சள் கோடு

போன வாரம் யார்டு வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் கேட் பாஸ் தம்பி பக்கத்தில் வந்து நின்றான். 23 வயது, கொருக்குப்பேட்டைப் பையன். "அண்ணா, ஒரு ரெண்டாயிரம் இருக்குமா? அம்மாவுக்கு ஸ்கேன் எடுக்கணும், சம்பளம் வந்ததும் குடுத்துடுறேன்" என்றான். பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் போன் இரண்டு முறை அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. கடைப் பலகையில் கவிழ்த்து வைத்தான். மூன்றாம் முறை அதிர்ந்ததும் அவன் கண் மட்டும் அந்தப் போனுக்குப் போய்த் திரும்பியது.

அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். சில வருடம் முன்னால் அதே பலகையில் அப்படியே போனைக் கவிழ்த்துவிட்டு, ஒரு லாரி டிரைவரிடம் அதே இரண்டாயிரம் கேட்டவன் நான். நான் சொன்ன காரணம் மகளின் ஸ்கூல் ஃபீஸ்.

"எவ்ளோடா போச்சு?" என்று கேட்டேன். ஸ்கேன் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினான். அப்புறம் வாய் அடைத்துவிட்டது.

அன்றிரவே இதை எழுத ஆரம்பித்தேன். அவனுக்காகவும், அவனை வீட்டில் வைத்துக்கொண்டு எதுவும் புரியாமல் இருப்பவர்களுக்காகவும்.

எனக்கு இந்த ஆன்லைன் சூதாட்டம் 2021 அக்டோபர் 15 அன்று தொடங்கியது. துபாயில் ஐபிஎல் இறுதி ஆட்டம், சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும். கூட வேலை செய்த ஒருவன் வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு 'ஐடி', அதாவது பந்தயம் கட்டுவதற்கான கணக்கு, வாங்கிக் கொடுத்தான். சென்னை மேல் 500 ரூபாய் கட்டினேன். ஜெயித்தது. 950 வந்தது. மறுநாள் வீட்டுக்கு பிரியாணி வாங்கிப் போனேன். எல்லோரிடமும் சொன்னேன். அடுத்த வாரம் 700 போனதை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது யோசித்தால், எனக்குக் கிடைத்த முதல் அடையாளம் அதுதான். ஜெயித்த கணக்கு வெளியே வந்தது, தோற்ற கணக்கு உள்ளேயே தங்கியது. தொகை அப்போது ரொம்பச் சின்னது. அதனாலேயே அதை ஒரு பிரச்சினை என்று நான் நினைக்கவில்லை. எவ்வளவு போனது என்பதை வைத்து இந்த நோயை அளக்கப் பார்த்தால் எப்போதும் தாமதமாகத்தான் தெரியும். எதை மறைக்கிறோம் என்று பார்த்தால் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

என் வேலை கன்டெய்னர் யார்டில், பெரும்பாலும் நைட் ஷிப்ட். ராத்திரி ஒரு மணிக்கு மேல் லாரி வரத்துக் குறைந்துவிடும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரைவர்கள் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்து தூங்குவார்கள். அந்த நேரத்தில் மேட்ச் கிடையாது, ஆனால் ரம்மி உண்டு. போனில் சீட்டு விழுந்துகொண்டே இருக்கும்.

அப்பா லாட்டரி வாங்குவார். 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்யும்வரை வாரம் இரண்டு மூன்று சீட்டு. அது வேறு. கடைக்கு நடக்க வேண்டும், பாக்கெட்டில் காசு இருக்க வேண்டும், ராத்திரி கடை மூடிவிடும். என் கையில் இருந்த கடைக்கு ஷட்டரே இல்லை. பணம் போடுவது ஐந்து நொடி வேலை. எடுக்கப் போனால் காத்திருக்கச் சொல்லும், அதற்குள் மனம் மாறினால் ரத்து செய்ய ஒரு பொத்தான் வைத்திருக்கும். ஒருமுறை 11,400 ரூபாய் வெளியே எடுக்கக் கேட்டுவிட்டு, மூன்று மணிக்கு அதை நானே ரத்து செய்தேன். நான்கு மணிக்கு அதில் ஒரு ரூபாய் மிச்சமில்லை.

அந்த 500க்கு 950 என்ற கணக்கையும் பிற்பாடுதான் யோசித்தேன். சம பலமுள்ள இரண்டு அணிகள். ஒருவர் இந்தப் பக்கம் 100 கட்டுகிறார், இன்னொருவர் அந்தப் பக்கம் 100. ஜெயித்தவருக்கு 190 கிடைக்கும். உள்ளே போனது 200. யார் ஜெயித்தாலும் பத்து ரூபாய் கடைக்காரனுக்கு. அதே பணத்தைத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அது கரையும். கிரிக்கெட் எனக்கு நன்றாகத் தெரியும் என்ற நம்பிக்கையில் ஆடினேன். கிரிக்கெட் அறிவை இந்தக் கமிஷன் மெதுவாக அரித்துவிடும்.

என் மச்சான் காசிமேட்டில் விசைப்படகில் போகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். சரியாக அந்த நாட்களில்தான் ஐபிஎல் சூடு பிடிக்கும். கையில் வேலை இல்லை, வருமானம் இல்லை, பொழுது மட்டும் நிறைய. வலை பின்னுகிற இடத்தில் ஒரு கை நூலிலும் ஒரு கண் போனிலும் இருக்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். தடைக்கால நிவாரணம் இப்படிக் கரைவது எனக்கு இன்றும் வயிறு எரிகிற விஷயம்.

2022 ஏப்ரல் 21. எனக்கு வாராந்திர லீவு. மச்சான் வீட்டுக்கு வந்திருந்தான். சென்னைக்கும் மும்பைக்கும் மேட்ச். மகள் மஞ்சள் ஜெர்சி போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்த சீசனில் சென்னை தோற்றுக்கொண்டே வந்ததால் நான் மும்பை மேல் 8,000 கட்டியிருந்தேன். கடைசி ஓவரில் 17 தேவை. கடைசி நான்கு பந்தில் 16. தோனி ஆறு அடித்தார், நான்கு, இரண்டு, மறுபடி நான்கு. மகள் கத்திக்கொண்டே வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கை எழும்பவில்லை. "மாமா, இன்னா ஆச்சு உனக்கு? நம்ம டீம்தானே ஜெயிச்சுது?" என்று மச்சான் கேட்டான். தலைவலி என்றேன்.

வீட்டில் இருப்பவர்களே, பிடித்த அணி ஜெயித்தும் ஒருவன் முகம் தொங்கினால் கவனியுங்கள். பாத்ரூமுக்குப் போனோடு போய் அரைமணி நேரம் வராமல் இருப்பது, சம்பளம் வந்த மூன்றாம் நாளே கைமாற்று கேட்பது, ஒரே ஆளிடம் பெரிய தொகை கேட்காமல் பத்துப் பேரிடம் சின்னச் சின்னதாக வாங்குவது, 'ஏன் தூங்கலை' என்று கேட்டால் சண்டைக்கு வருவது. இதெல்லாம் நான் செய்தவை.

அந்த வருடம் மனைவியின் இரண்டு சவரன் செயின் சேட்டு கடைக்குப் போனது. கண்ணி விட்டுப்போச்சு, ஆசாரியிடம் பற்ற வைக்கக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னேன். அவள் நம்பினாள். இரண்டு மாதம் கழித்தும் கேட்காமல் இருந்தாள். கேட்டால் நான் பொய் சொல்ல வேண்டி வருமே என்றுதான் கேட்கவில்லை என்று பிறகு சொன்னாள். அதை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

2022 நவம்பர் 10, டி20 உலகக் கோப்பை அரையிறுதி. லோன் ஆப்பில் எடுத்த 20,000த்தை இந்தியா மேல் கட்டினேன். 'இதோடு விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்திவிடலாம்.' அந்த வார்த்தையை அதற்கு முன் எத்தனை ராத்திரி எனக்கு நானே சொல்லியிருப்பேன்! இங்கிலாந்து ஒரு விக்கெட்கூட இழக்காமல் 16 ஓவரில் முடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து பேசாமல் படுத்தேன். அவள் விளக்கை அணைக்கவில்லை. "என்னங்க, செயின் எங்க?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் அக்கா வந்தாள். காலடிப்பேட்டையில் 20 வருடமாக ஏலச்சீட்டு நடத்துகிறவள், நீள நோட்டில் கணக்கு எழுதியே பழகியவள். "மொத்தம் ஒரு ஒன்றரை லட்சம் இருக்கும்க்கா" என்றேன். "வாயால சொல்லாதேடா. காகிதத்துல காட்டு" என்றாள்.

ஜெராக்ஸ் கடையில் 14 மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பிரிண்ட் போட்டேன். 62 பக்கம். மகளின் பென்சில் பாக்ஸிலிருந்து மஞ்சள் ஹைலைட்டரை எடுத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, போட்ட ஒவ்வொரு வரியிலும் கோடு இழுத்தோம். 100, 100, 200, 500. சில பக்கங்களில் வெள்ளையே தெரியவில்லை. இரண்டு சாயங்காலம் ஆயிற்று. போட்டது 6,12,350. திரும்பி வந்தது 2,31,000. போனது 3,81,350. என் சம்பளம் அப்போது 19,000. அந்த 14 மாதச் சம்பளத்தையும் ஒரு பைசா செலவழிக்காமல் கொட்டியிருந்தாலும் 2,66,000தான் வரும். மிச்சம் முழுக்கக் கடன். நான் பொய் சொல்லவில்லை, ஒன்றரை லட்சம் என்றுதான் உண்மையிலேயே நம்பிக்கொண்டிருந்தேன்.

அக்கா என் போனை வாங்கி நேரத்தையும் பார்த்தாள். 2.47க்கு 500. 2.49க்கு 500. 2.50க்கு 1,000. 2.52க்கு 2,000. "இது இன்னா நேரம்டா?" என்று கேட்டுவிட்டு, அந்த வரிகளின் மேல் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை விதித்தது. நிறுவனங்கள் வழக்குப் போட்டும் ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றம் அதைச் சரி என்றது. என் மஞ்சள் கோடுகளில் பெரிய தொகைகள் பெரும்பாலும் அந்த ஐந்து மணி நேரத்தில்தான் இருந்தன. அதே வருடம் ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்து சட்டம் இயற்றியது. நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் தண்டனை உண்டு, ஆடி ஏமாந்தவருக்கு இல்லை. எனவே உதவி கேட்கப் பயப்பட வேண்டாம். ஆனால் வாட்ஸ்அப், டெலிகிராமில் 'ஐடி' இன்னும் சுற்றுகிறது. எங்கள் தம்பி மாட்டியிருப்பது அதில்தான். ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்வார்கள். அந்தக் கணக்கு மோசடியில் சிக்கியதாக இருந்தால், அதிலிருந்து ஜெயித்த காசு வந்த பாவத்துக்கு உங்கள் கணக்கும் முடங்கலாம். பணத்தை ஏமாற்றிப் பிடுங்கினால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே கூப்பிடுங்கள்.

அக்கா என்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் ஒன்பது கேள்வி கேட்டார். கிக் குறையக் குறைய தொகையை ஏற்றினாயா, நிறுத்தப் பார்த்து முடியாமல் போனதா, நிறுத்தினால் எரிச்சல் வருகிறதா, மனசு சரியில்லாதபோது ஆடப் போகிறாயா, விட்டதைப் பிடிக்க மறுநாளே திரும்பினாயா, பொய் சொன்னாயா, அடுத்தவர் கடனைத் தீர்க்க வேண்டி வந்ததா, இப்படி. 12 மாதத்துக்குள் நான்குக்கு ஆமாம் என்றாலே கவனிக்க வேண்டிய நோய் என்றார். எனக்கு ஏழு.

'அளவோடு ஆடலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. நான்கு முறை முயன்றேன். தினம் 200 மட்டும் என்றேன், சனி ஞாயிறு மட்டும் என்றேன், ஆப்பை அழித்தேன். எனக்கு நடக்கவில்லை. இன்னும் ஆழத்துக்குப் போகாதவர் என்றால், ஒரு நோட்டில் போட்டதையும் வந்ததையும் இரண்டு பத்தியாக எழுதி வீட்டில் ஒருவருக்கு மாதாமாதம் காட்டுங்கள். காட்டக் கூச்சமாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கடன் வாங்கி ஆடவே கூடாது.

நான் என் மன உறுதியை நம்புவதை விட்டுவிட்டேன். சம்பளக் கணக்கு மனைவியின் கையில். என் போனில் யுபிஐ இல்லை, புது ஆப் இறக்க அவள் வைத்த பாஸ்வேர்டு வேண்டும். தினம் கையில் 100 ரூபாய். மச்சானிடமும் கூட வேலை செய்பவர்களிடமும் நானே போய், "என்ன காரணம் சொல்லிக் கேட்டாலும் எனக்குக் காசு குடுக்காதீங்க" என்று சொன்னேன். எல்லாவற்றிலும் கஷ்டமானது அதுதான். அக்கா உதவியபோதும் என் கையில் பணம் தரவில்லை, நேராக சேட்டு கடைக்குப் போய்க் கட்டிச் செயினை மீட்டாள். உதவ நினைப்பவர்கள் அப்படியே செய்யுங்கள். கடைசிக் கடன் 2025 மார்ச்சில் முடிந்தது.

உயிரை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றினால்கூட 14416க்குக் கூப்பிடுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், ராத்திரி இரண்டே முக்காலுக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அந்த எண்ணம் எனக்கும் வந்தது. அதனால்தான் சொல்கிறேன்.

தம்பிக்கு நான் இரண்டாயிரம் கொடுக்கவில்லை. "ஸ்டேட்மென்ட் எடுத்துட்டு வீட்டுக்கு வா" என்றேன். நேற்று சாயங்காலம் சட்டைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வந்தான். மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். மகள் இப்போது பெரிய வகுப்பு. ஒன்றும் கேட்காமல் ஹைலைட்டரை எடுத்து வந்து தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். தாளைப் பிரித்துப் பார்த்தேன். மூன்று மாதம் மட்டும் இருந்தது.

"ஆரம்பிச்சது எப்போ?"

"போன வருஷம் பொங்கலுக்கு, அண்ணா."

"ஜெராக்ஸ் கடை ஒன்பது மணி வரைக்கும் இருக்கும்" என்றேன்.

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். டீ அப்படியே இருந்தது. மனைவி அதன் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடி வைத்தாள்.