கட்டைவிரலின் துடிப்பு

ஜூலை 3

சீருடை இன்னும் தைத்து வரவில்லை. சாதாரண உடையில் நர்சிங் வகுப்பறைக்குள் நுழைந்தேன். முன்வரிசையில் நால்வர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். நானும் வணக்கம் சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பக்கத்தில் இருப்பவளுக்கு வயது 18, என் மகனைவிட ஒன்று குறைவு. அக்கா என்பதா, ஆன்ட்டி என்பதா என்று தெரியாமல் மதியம்வரை என்னை எப்படியும் அழைக்காமலே சமாளித்தாள். பிறகு 'அக்கா' என்று முடிவானது. 44 வயதுக்கு அது சலுகைதான்.

ஜூலை 8

நர்சிங் வரலாறு. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பள்ளி தொடங்கினார். அவர் பிறந்தது 1820. அப்படியானால் அப்போது வயது 40. பாடத்தில் எனக்கு உடனே மனதில் நின்றது இந்தக் கழித்தல் கணக்கு ஒன்றுதான்.

ஜூலை 15

மணிக்கட்டில் மட்டும் எட்டு எலும்புகள். இரவு படித்ததில் காலையில் ஐந்துதான் மிஞ்சுகிறது. மகன் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறான். பள்ளி நாள்களில் நான் அவனை உட்காரவைத்து ஒப்பிக்கச் சொன்னதற்கெல்லாம் இப்போது வட்டியோடு திருப்பித் தருகிறான்.

ஜூலை 22

இன்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

நாடி பார்க்கும் பயிற்சி. இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் கையை ஒருவர் பிடிக்க வேண்டும். எனக்குக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்ற மிதப்பில் இருந்தேன். அப்பா படுக்கையில் கிடந்த 14 மாதமும் காலை, மாலை நாடி பார்த்து நோட்டில் எழுதியவள் நான். தோழியின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினேன். 84.

ஆசிரியை வந்து என் கையை மெல்ல விலக்கினார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். "கட்டைவிரலால் பார்க்கக் கூடாதும்மா. அதற்குள்ளேயே ஒரு துடிப்பு உண்டு. உங்கள் நாடியை நீங்களே எண்ணிவிடுவீர்கள்."

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து, அதிகம் அழுத்தாமல், மறுபடி எண்ணினேன். 70.

வீட்டுக்கு வந்து அப்பாவின் நோட்டை எடுத்தேன். 82, 86, 84. பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்று யாரோ சொல்லியிருந்ததால் ஒவ்வொரு நாளும் நிம்மதியாக எழுதியிருக்கிறேன். அவற்றில் எத்தனை அவருடையவை, எத்தனை என்னுடையவை?

ஆகஸ்ட் 5

டிரிப் கணக்கு. 1000 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். அந்தக் குழாயில் 20 சொட்டு ஒரு மில்லி. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 20,000 சொட்டை 480 நிமிடத்தால் வகுத்தால் 41.67, அதாவது 42. கணக்குப் பிரிவில் 16 ஆண்டு குப்பை கொட்டியது வீண்போகவில்லை. இடைவேளையில் என்னைச் சுற்றி ஆறு பேர்.

அந்தப் பெருமை மாலைவரைகூடத் தாங்கவில்லை. இன்சுலின் சிரிஞ்சின் கோடுகள் கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை, கண்ணாடியோ வீட்டில்.

ஆகஸ்ட் 21

ரத்த அழுத்தம் பார்க்கும்போது ஒரு சத்தமும் கேட்கவில்லை. காதும் போய்விட்டதா என்று பயந்துவிட்டேன். ஸ்டெதஸ்கோப்பைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். காதில் நுழையும் முனைகள் முன்பக்கம், மூக்கை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டுமாம். திருப்பி மாட்டியதும் கேட்டது. 1905இல் கொரோட்கோவ் என்ற ரஷ்ய மருத்துவர் சொன்ன அதே தட்டல்.

செப்டம்பர் 4

படுக்கைப்புண். எலும்பு துருத்தும் இடத்தில் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் புண்ணின் தொடக்கம். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. உள்ளே ஏற்கெனவே நைந்திருக்கும் சதை இன்னும் கெடும்.

நான் பவுடர் போட்டுத் தேய்த்திருக்கிறேன். தினமும். அப்பா ஒருமுறைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தை மட்டும் பிறகு தோழியிடம் வாங்கி எழுதிக்கொண்டேன்.

செப்டம்பர் 17

முதல் வார்டு. எனக்குக் கொடுத்தது ஜன்னலோரப் படுக்கை. எழுபதைத் தாண்டிய பெரியவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். தோழிக்கு அவரைத் தொடவே கூச்சம். எனக்கு அது இல்லை. தோளிலும் இடுப்பிலும் கைவைத்துத் திருப்பும் விதம் இந்தக் கைகளுக்கு இன்னும் மறக்கவில்லை. "பழகின கை போல இருக்கிறதே" என்றார். பதில் சொல்லவில்லை. குதிகாலையும் வால் எலும்புப் பக்கத்தையும் பார்த்தேன். சிவப்பு இல்லை.

பிறகு நாடி. ஒரு முழு நிமிடம். அது முடிந்தும் கையை விடாமல் மார்பு ஏறி இறங்குவதை இன்னொரு நிமிடம் எண்ண வேண்டும். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர்கள் மூச்சு விடும் விதம் மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோலவே பிடித்திருக்க வேண்டும்.

"இன்னுமா எண்ணுகிறாய்?" என்றார்.

"கொஞ்சம் இருங்கள் ஐயா."

நாடி 76, மூச்சு 18. அட்டவணையில் எழுதப் பேனாவை எடுத்தபோதுதான் கவனித்தேன்: இவ்வளவு நேரமும் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கியே வைத்திருந்திருக்கிறேன்.