அந்தக் கறுப்புத் துகள்கள்

"இதையெல்லாம் பொறுக்கி எடுத்துவிடவா, சார்?" என்று உதவியாளர் கேட்டார்.

கரிமப் பொருளை, அதாவது மட்கிய உயிர் எச்சத்தை, அளப்பதற்காக 2 மி.மீ. சல்லடையில் சலித்த ஓடை வண்டலில் கறுப்பாக ஏதோ மினுங்கியது. நகத்தால் அழுத்தினால் நொறுங்கி விரலில் மையாக ஒட்டியது. நிலக்கரி. ஆலைகளை ஒட்டிய படிவில் அது கிடப்பதில் வியப்பில்லை. செய்முறையோ வேரையும் கல்லையும்தான் நீக்கச் சொல்கிறது. "வேண்டாம், இருக்கட்டும். அங்கே கிடப்பதைத்தானே அளக்கிறோம்?" என்றேன்.

அந்தப் பதில் சரிதான் என்று இன்றும் வாதிடுவேன். பொறுக்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது? கண்ணுக்குத் தெரியாத பொடியை யார் பொறுக்குவது?

105 டிகிரியில் உலர்த்தி, 550 டிகிரியில் நான்கு மணி நேரம் எரித்தோம். எரிந்து போன எடையையே கரிமப் பொருளாகக் கொள்வது இந்த முறை. எடை இழப்பு 14 சதவீதம். அதே மாதிரியை, கரிமத்தை வேதிப்பொருளால் ஆக்சிஜனேற்றி அளக்கும் டைக்ரோமேட் முறையில் சோதித்தபோது 6 சதவீதம்தான் காட்டியது. உலைக்கு மட்கு, நிலக்கரி என்ற பேதம் கிடையாது. களிமண்ணில் பிணைந்த நீரும் அந்த வெப்பத்தில் வெளியேறிக் கணக்கில் சேர்ந்துவிடும். டைக்ரோமேட் நிலக்கரியை அரைகுறையாகவே தாக்கும். கிடைத்ததை, தாக்காமல் விட்ட கரிமத்தை ஈடுகட்ட 1.3 ஆலும், பிறகு கரிமத்தைக் கரிமப் பொருளாக மாற்ற 1.724 ஆலும் பெருக்குகிறோம். மண்ணின் மட்கை மனத்தில் வைத்து வகுத்த எண்கள் அவை. கரி கலந்த சேற்றுக்கு எப்படிப் பொருந்தும்? போதாததற்கு, குளோரைடும் ஃபெரஸ் இரும்பும் டைக்ரோமேட்டைத் தின்று அந்த 6-ஐயே கூட்டிக் காட்டியிருக்கலாம்.

அறிக்கையில் கரிமப் பொருளுக்கு ஒரே கட்டம். 14 என்று எழுதி, முறையின் பெயரையும் குறித்தேன்.

அறிக்கையைப் பெற்றவர் தொலைபேசியில் கேட்டார்: "14 என்றால் வளமான மண் இல்லையா?"

"அது அளக்கும் முறையைப் பொறுத்தது" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அந்த இடத்துக்குத்தான் மனம் திரும்பத் திரும்பப் போகிறது. வளம் என்று நினைத்தால்கூடப் பரவாயில்லை. படிவில் உள்ள நச்சின் அளவைக் கரிமத்தின் அளவால் வகுத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. நிலக்கரி வகுக்கும் எண்ணைப் பெரிதாக்கினால் நச்சு சிறிதாகத் தெரியும். ஆனால் கரித்துகள் சில நச்சுகளை மட்கைவிட இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதும் உண்மை. அப்படியானால் 14 அவ்வளவு தவறான எண்ணா? ஒரு நாள் ஆமென்று தோன்றுகிறது, மறுநாள் இல்லையென்று.

பொறுக்கியிருந்தால் கரி இருந்த தடயமே போயிருக்கும். பொறுக்காமல் விட்டு, நானும் அதைச் சொல்லாமல் விட்டேன். மாதிரிப் புட்டியின் சீட்டில் அன்றே உதவியாளர் பென்சிலால் எழுதியிருக்கிறார்: "கரித்துகள் உண்டு." அந்த இரண்டு சொற்கள் அறிக்கைக்குப் போகவில்லை.