பொல்கொட வாவியில் இரண்டு இரவும் ஒரு கொடுவாவும்

மத்தியானம் மீன் பிசைந்த கை இன்னும் மணக்கிறது. அந்த மணம் போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளவத்தையிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரு வாவியில், தண்ணீரோரத்து மரக் குடிலில், தூண்டிலும் கையுமாக இரண்டு இரவு இருந்துவிட்டு நேற்றுத்தான் வந்தோம். போகிற வழி, செலவு, தங்குமிடம் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதித் தரச் சொல்லி அலுவலகத்தில் நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். ஆனால் கொடுவா மீன் இடையில் வந்துகொண்டே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அலுவலகம் கொம்பனித்தெருவில், பேர வாவியைப் பார்த்தபடி இருக்கிறது. பெயருக்குத்தான் வாவி. பாசி பிடித்த பச்சைத் தண்ணீர், வெயில் ஏறினால் வாடை. அதையும் சகித்துக்கொண்டு மரங்களில் குந்தியிருக்கும் கூழைக்கடாக்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். மூன்று மாதமாக எனக்கு நித்திரை இல்லை. இரவு 2 மணிக்கு எழும்பி ஃபோனைப் பார்த்துக்கொண்டு கிடப்பதை அக்கா கவனித்து அத்தானிடம் சொல்லியிருக்கிறா. அத்தான் மட்டக்களப்பு வாவிக் கரையில் பிறந்து வளர்ந்தவர். அடுத்த நாளே கோல் எடுத்தார். "தம்பி, மருந்து மாத்திரை ஒண்டும் வேணாம். ரெண்டு நாள் லீவு போடு, தூண்டில் போட்டுக் கனகாலமாச்சு" என்றார்.

நீண்ட விடுமுறை வந்தால் கொழும்பில் எங்கள் ஆட்கள் நுவரெலியாவுக்கு ஓடுகிறார்கள். வாகன நெரிசலில் பாதிநாள் போய்விடும். அறை வாடகையோ கேட்கவே வேண்டாம். பக்கத்திலேயே பொல்கொட இருக்கிறது. மொறட்டுவை, பிலியந்தலை, பாணந்துறை என்று கரை விரிகிறது. உண்மையில் வடக்கும் தெற்குமாக இரண்டு வாவிகள், இடையில் ஓர் ஆறு. கடைசியில் பாணந்துறையில் கடலோடு சேர்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்குத் தெரியும், கட்டுபெத்த வளாகத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீர் கிடக்கிறது. 2009இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசம் என்று அறிவித்தார்கள். அறிவித்த பிறகும் கண்டல் வேர்களுக்குள் பிளாஸ்ரிக் போத்தல்களும் யோகட் கோப்பைகளும் சிக்கிக் கிடப்பதைக் கண்ணால் பார்த்தேன். வயிறு எரிந்தது.

ஞாயிறு காலை வெள்ளவத்தையில் ரயில் ஏறினோம். காலி வீதி வழியாக பஸ்ஸில் போகாதீர்கள். ரயில் காசு சின்னக் காசு, கடலோரப் பாதை, காற்று. எகொட உயனவைத் தாண்டியதும் ஒரு பாலம் வரும், அதைத் தவறவிடாதீர்கள். கீழே பாணந்துறை ஆறு. ஒரு பக்கம் வாவித் தண்ணீர், மறுபக்கம் நுரை தள்ளும் கடல். அத்தான் ஜன்னலால் தலையை நீட்டி, "கொடுவா போய்வாற வாசல் இதுதான்" என்றார். கொடுவா நன்னீரிலும் வாழும், உவர்நீரிலும் வாழும், ஆனால் முட்டையிட உப்புத் தண்ணீர்தான் வேண்டும். அதற்காக முகத்துவாரத்தை நோக்கி இறங்கும். குஞ்சுகள் திரும்ப உள்ளே ஏறி வளரும். அதைவிட அதிசயம், முதலில் ஆணாக இருந்து, வயதேறிப் பெருத்த பிறகு பெண்ணாக மாறுகிற மீன் அது. பெரிய கொடுவா கிடைத்தால் விட்டுவிட வேண்டும் என்று அத்தான் ரயிலிலேயே சொல்லிவிட்டார். அத்தனையும் தாய்மீன்.

பாணந்துறை ஸ்டேஷனில் இறங்கியதும் சந்தோஷம் பாதி போனது. வெளியில் நின்ற முச்சக்கரவண்டிக்காரர் எங்கள் தூண்டில் பையைப் பார்த்தார், பேச்சில் தமிழ் வாடையையும் பிடித்துவிட்டார் போல. ஐந்து கிலோமீற்றர் தூரத்துக்கு 2,000 ரூபாய் என்றார். ஃபோனில் அதே தூரத்துக்கு 650 காட்டியது. மீற்றர் போடச் சொன்னால் "மீற்றர் வேலை செய்யாது". மீற்றரில் சிவப்பு எழுத்து எரிந்துகொண்டிருந்தது! அத்தான் அமைதியானவர், எனக்குத்தான் கோபம் வந்தது. ஃபோனில் பிடிக்கப் பார்த்தால் யாரும் வரவில்லை, வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசியில் 1,200க்கு இறங்கி வந்தார். போகும் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். ஒன்று சொல்கிறேன்: ஸ்டேஷன் வாசலில் பேரம் பேசாதீர்கள். காலி வீதிக்கு நடந்து போய், ஓடிவருகிற வண்டியை மறியுங்கள்.

குடிலுக்கு ஓர் இரவு 13,000 என்று போட்டிருந்தார்கள். போய்ப் பையை வைத்த பிறகுதான் சேவைக் கட்டணம் 10 வீதம் தனி என்றார்கள். அதோடு நிற்கவில்லை. மரத் துறையில் உட்கார்ந்து தூண்டில் போடுவதற்கு 2,000 ரூபாய். "மீன்பிடிக்கச் சிறந்த இடம்" என்று விளம்பரம் போட்டுவிட்டுத் தூண்டில் போட்டால் காசு கேட்பது சுத்த அநியாயம். முகத்துக்கு நேரேயே சொன்னேன். சிரித்துக்கொண்டு பில்லில் சேர்த்தார்கள். பதிவு செய்ய முதல் கோல் எடுத்து, முழுக் கணக்கு எவ்வளவு என்று கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.

ஞாயிறு பகல் வாவி எங்களுக்குச் சொந்தமில்லை. மோட்டார் படகுகளும் தண்ணீர் ஸ்கூட்டர்களும் ஆறு மணிவரை சுழன்று சுழன்று இரைந்தன. ஒவ்வோர் அலையும் துறையில் வந்து மோதும்போது மிதப்பு துள்ளும், மீன் எங்கே நிற்கப்போகிறது? ஞாயிறு மட்டும் போகாதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்கு அங்கேயே ஃபிரைட் ரைஸ் எடுத்தோம், ஒரு தட்டு 2,400. எண்ணெய்யும் சோஸும் தவிர நாக்கில் வேறொன்றும் நிற்கவில்லை.

பிறகு படகுகள் போயின. அந்த நேரத்தை எப்படி எழுதுவது? இரைச்சல் நின்ற உடனே அமைதி வரவில்லை. காதுக்குள் கொஞ்ச நேரம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தவளை. பலகைக்குக் கீழே தண்ணீர் தூணை நக்குகிற சத்தம். தூரத்துப் பன்சலையில், அதாவது பௌத்த விகாரையில், பிரித் ஓதுகிறார்கள், காற்று திரும்பும்போது மட்டும் கேட்கிறது. துறையில் போட்ட பாயில் சும்மா சாய்ந்தேன். அத்தான் எழுப்பும்போது கிழக்கு வெளுத்திருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு முழு இரவு நித்திரை, அதுவும் தலையணை இல்லாமல்! நுளம்பு கடித்த தடம் காலெல்லாம் இருந்தது, கடித்தபோது தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில்தான் படகுக்காரரைக் கண்டோம். அறுபது தாண்டிய சிங்கள மனிதர். நான் சிங்களத்தில் "மாமே" (மாமா) என்று கூப்பிட, அவர் தமிழில் "தம்பி, எங்க இருந்து?" என்று கேட்டார். இளவயதில் திருகோணமலையில் பல வருடம் வேலை செய்தவராம். இரண்டு நடைக்கும் 6,000 என்றார், ஒரு சதமும் கூட்டவில்லை. கரையோரம் இறங்கி நிற்கப்போன என்னைக் கையைப் பிடித்து இழுத்தார். அந்தக் கரையில் முதலை உண்டு. காலையில் கொடுவா ஒன்றும் தொடவில்லை, நாலு திலாப்பியாவும் ஒரு கெளிறும் கிடைத்தன. கெளிற்றின் முள்ளுக்குப் பயந்து அத்தான் துணியால் பிடித்துக் கழற்றி விட்டார்.

சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மத்தியானம் மாமே தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். ஆளுக்கு 900 ரூபாய். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கொஹிலக் கிழங்குக் கறி, வல்லாரைச் சம்பல், நடுவில் சூரை மீன் அம்புல் தியல். மண்சட்டியில் வாழையிலை விரித்து, கொறுக்காய்ப்புளியும் மிளகும் அரைத்துப் பூசிய துண்டுகளை அடுக்கி, தண்ணீர் வற்றும்வரை சிறு தீயில் விட்டிருந்தா அவருடைய மனைவி. வெளியே கரிக்கறுப்பு. விரலால் உடைத்தால் உள்ளே இளஞ்சிவப்பு, புளிப்பு முதலில் வந்து பிறகு மிளகு தொண்டையில் ஏறுகிறது. எங்கள் பழப்புளிக் குழம்பு வேறு உலகம், இது வேறு உலகம். மூன்று முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன். அந்தக் குடிலின் 2,400 ரூபாய்த் தட்டை நினைக்க ஆத்திரம்தான் வந்தது.

"நாளைக்குப் போயா, பூரணை நாள். நான் தூண்டில் தொடமாட்டன். பிடிக்கிறதெண்டால் இண்டைக்குத்தான்" என்றார் மாமே. நிலா நிறைகிற நாட்களில் ஏற்றவற்றம் கூடும், மாலையில் தண்ணீர் கடல் பக்கம் இழுக்கத் தொடங்கும்போது கொடுவா வாய் திறக்கும் என்பது அவர் கணக்கு. ஐந்தரைக்குக் கண்டல் ஓரமாகப் படகைக் கட்டினார். அத்தான் ரீல் தூண்டிலை ஒருபக்கம் வைத்துவிட்டுப் பலகையில் சுற்றிய தங்கூசியை, அதாவது நைலோன் நூலை, எடுத்தார். உயிர் இறாலைக் கொழுவ எனக்குக் கற்றுத் தந்தார். தலைக் கொம்புக்குக் கீழே கண்ணாடி மாதிரி ஓர் இடம், உள்ளே கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். ஊசி அந்தப் புள்ளியில் படக்கூடாது, பட்டால் இறால் செத்துவிடும். படாமல் மேலாகக் கொழுவினால் தண்ணீருக்குள் உயிரோடு பின்பக்கமாக நீந்தும். எனக்கு ஐந்தாவது இறாலில்தான் கை வந்தது.

தங்கூசியைச் சுட்டுவிரலில் ஒரு சுற்றுப் போட்டுக்கொண்டு இருந்தோம். இறாலின் உதறல்கூட விரலுக்குத் தெரிகிறது. ஒரு மணித்தியாலம் யாரும் கதைக்கவில்லை. அலுவலகத்தில் ஒரு மணித்தியாலம் சும்மா இருந்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும். அங்கே மனம் முழுவதும் அந்த ஒரு விரல் நுனியில் போய் உட்கார்ந்துவிட்டது. நிலா எழும்பியது. வேர்களுக்குள் எங்கோ "டொப்" என்று ஒரு சத்தம், வெற்றுப் பானையை உள்ளங்கையால் அடித்த மாதிரி. மாமே விரலை உயர்த்தினார். இரை எடுக்கும்போது கொடுவா தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுகிற சத்தமாம். கண்டல் நிழலுக்குள் டோர்ச்சை ஒரு கணம் அடித்தார். இரண்டு சிவப்புத் தணல் தண்ணீருக்குள் எரிந்து அணைந்தன.

முதல் இழுப்பு அத்தானுக்கு. பத்து விநாடிகூட இல்லை, வேருக்குள் ஓடி அறுத்துக்கொண்டு போனது. அத்தான் அறுந்த நுனியை நிலாவில் பிடித்துப் பார்த்து, "செவுளால வெட்டிப்போட்டான்" என்றார். குரலில் மரியாதைதான் இருந்தது. இரண்டாவது எனக்கு. விரல் நறுக்கென்று இறுகியது, கை தண்ணீருக்குள் போய்விட்டது. "விடு, விடு, ஓடவிடு! இப்ப இழு!" இருவரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். மீன் வெளியே துள்ளித் தலையை உதறியது, வெள்ளி உடம்பு முழுவதும் நிலா. மாமே வலைக்கரண்டியால் கோரி எடுத்தபோது என் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். செவுளில் கைவைக்கப் போனேன், அத்தான் தட்டிவிட்டார். அந்த மூடியின் விளிம்பு சவர அலகு மாதிரி. இதை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "இது இன்னும் ஆம்பிளை. வைச்சுக்கொள், ஒண்டு போதும்." அதோடு தூண்டிலைச் சுற்றிவிட்டோம்.

போயாக் காலையில் மாமே வெள்ளை உடுத்து, பன்சலைக்குப் போகிற வழியில் துறைக்கு வந்தார். கையில் பிளேன்டீயும் ஒரு துண்டுக் கித்துல் கருப்பட்டியும். மூவரும் காலைத் தொங்கப்போட்டு இருந்தோம். தண்ணீர் அசையவில்லை. ஒரு மீன்கொத்தி மட்டும் எங்கள் வெறும் தூண்டில் கம்பில் வந்து இருந்துவிட்டுப் போனது. காசு கேட்காமல் கிடைத்த அரை மணித்தியாலம் அது.

திரும்பும்போது ரயிலைத் தவறவிட்டு, பாணந்துறையில் ஒரு பஸ் ஏறினோம். ரேடியோ அலற, இருக்கை நிறைந்த பிறகும் ஒவ்வோர் ஹோல்ட்டிலும் நிறுத்தி ஆள் ஏற்றினார்கள். இரண்டு நாள் சேர்த்த அமைதியில் பாதியைத் தெஹிவளைக்குள்ளேயே உறிஞ்சிவிட்டார்கள். ஐஸ் போட்ட ரிஜிபோம் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். சுற்றிவர வெள்ளை உடுத்த பெரியவர்கள், கையில் பூத்தட்டு. பெட்டி மணக்குமோ என்று ஒவ்வொரு குலுக்கலுக்கும் மூடியை அழுத்திக்கொண்டே வந்தேன். கணக்கைக் கேட்டவர்களுக்கு: இருவருக்கும் எல்லாமாக ஏறத்தாழ 45,000. குடில் வேண்டாம், மாமேயின் படகும் அந்த வீட்டுச் சாப்பாடும் போதும் என்றால் ஒருநாள் பயணமாக 10,000க்குள் முடிக்கலாம். ஆனால் இரவு தங்குங்கள். மாதக் கடைசி வேண்டாம், சம்பளம் கையில் இருக்கும்போது, கிழமை நாளில்.

வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்குப் பூரணை விரதம். மீன் பெட்டியை வாசல்படிக்கு உள்ளேயே விடவில்லை. பக்கத்து ஃபிளாட் அன்ரியின் பிரிட்ஜில் ஒரு நாள் இருந்துவிட்டு இன்றைக்குத்தான் எங்கள் குசினிக்கு வந்தது. அம்மா முருங்கையிலை போட்டுத் தலையைச் சொதியாகவும், நடுத்துண்டுகளைப் பழப்புளி விட்டுத் தடித்த குழம்பாகவும் வைத்தா. அத்தான் வேலைக்கு இடையில் ஓடிவந்தார், தலை அவருக்குத்தான் போனது. எனக்குத் தங்கூசி இறுக்கின சுட்டுவிரலில் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு. குழம்பின் உறைப்பு அதில் ஏறிச் சுரீர் என்று எரிந்தது. கையை உதறிவிட்டு இன்னொரு துண்டு எடுத்தேன்.