187 எரரில் ஐந்துதான் நிஜம்

போன வருடம் ஒரு பழைய சாஃப்ட்வேர் என் தலையில் விழுந்தது. எடைமேடையில் லாரியை ஏற்றி, காலி எடை, லோடு எடை இரண்டையும் பிடித்து சீட்டு அடித்துக் கொடுக்கும் விண்டோஸ் அப்ளிகேஷன். சி ஷார்ப் மொழி, விண்டோஸ் ஜன்னல்களுக்கான வின்ஃபார்ம்ஸ், ஒரே சொல்யூஷனுக்குள் (எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய மூட்டை) ஆறு புராஜெக்ட் (தனித்தனிப் பகுதி). அதை எழுதிய அண்ணன் வேலையை விட்டுப் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. வாடிக்கையாளர் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம், சீட்டில் வண்டி நம்பருக்குக் கீழே டிரைவர் பெயரும் வர வேண்டும். அரை மணி நேர வேலை என்று சொல்லிவிட்டேன். மூன்று நாள் ஆனது. அதில் டிரைவர் பெயருக்குப் போனது உண்மையிலேயே அரை மணி நேரம்தான்.

புரோகிராம் கோடு இருக்கும் கிட்டிலிருந்து குளோன் செய்து, அதாவது முழுப் பிரதி எடுத்து, கோடு எழுதும் விஷுவல் ஸ்டுடியோ 2022-இல் திறந்தேன். திறக்கும்போதே ஒரு புராஜெக்ட் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. இன்னொன்றில் நான்கு கோப்புகளின் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். ஒரு புராஜெக்ட் எதையெல்லாம் நம்பியிருக்கிறது என்று சொல்லும் ரெஃபரன்ஸ் பட்டியலிலும் அங்கங்கே மஞ்சள். சரி பார்ப்போம் என்று பில்டு கொடுத்தால், அதாவது எழுதியதை ஓடும் புரோகிராமாக மாற்றச் சொன்னால், 187 எரர்.

முதல் நாள் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கிளீன் பண்ணினேன், ரீபில்டு பண்ணினேன், பில்டில் உருவாவது சேரும் "பின்", "ஆப்ஜ்" ஃபோல்டர்களை அழித்தேன், மறைந்திருக்கும் விஎஸ் ஃபோல்டரையும் அழித்தேன் (அதில் திறந்து வைத்த டேப், பிரேக்பாயிண்ட் மாதிரி நம்முடைய சொந்தச் செட்டிங்தான் இருக்கும், போனால் பாதகமில்லை), கம்ப்யூட்டரையே ரீஸ்டார்ட் செய்தேன். 187 எரர் 187 ஆகவே இருந்தது. இதெல்லாம் பழைய பில்டின் மிச்சம் குழப்பும்போது உதவும் வைத்தியம். என் கதையில் பழைய பில்டே கிடையாது, இப்போதுதான் குளோன் செய்த கோடு, அதில் அழிக்க என்ன இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

அண்ணனுக்கு போன் போட்டேன். "ஏன் தம்பி, என் மெஷின்ல நல்லாத்தான ஓடுச்சு" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. பிரச்சினையே அதுதான் என்று எனக்குப் புரிய இன்னும் ஒரு நாள் ஆனது.

அந்த 187-இல் பெரும்பங்கு சிஎஸ்0006 என்ற எரர். இன்ன டிஎல்எல் (பில்டு ஆகி மற்ற புராஜெக்டுகளுக்குப் பயன்படும் கோப்பு) என்ற மெட்டாடேட்டா கோப்பைக் காணவில்லை என்று முழுப் பாதையோடு சொல்லும். நானும் அதை நம்பி, அந்தப் பெயரைப் போட்டு ஹார்ட் டிஸ்க் முழுக்கத் தேடினேன். இருந்தால்தானே கிடைக்க! அது யாரும் தொலைத்த கோப்பு இல்லை, இன்னும் பிறக்காத கோப்பு. அடியில் இருக்கும் புராஜெக்ட் பில்டு ஆனால்தான் அந்த டிஎல்எல் உருவாகும். அது விழுந்துவிட்டதால் அதை நம்பி மேலே இருக்கும் ஒவ்வொரு புராஜெக்டும் தன் பங்குக்கு ஒப்பாரி வைக்கிறது. எரர் லிஸ்டில் இது மேலே நின்று கண்ணைப் பறிக்கும், காரணம் எங்கேயோ கீழே கிடக்கும். இதே மாதிரி, கோடில் வரும் ஒரு பெயரைக் காணவில்லை என்று சொல்லும் சிஎஸ்0246-உம் பாதிக்குப் பாதி விளைவுதான், வேர் இல்லை.

எரர் லிஸ்டின் மேலே ஒரு சின்ன டிராப்டவுன் இருக்கிறது, வழக்கமாக "பில்டு + இன்டெலிசென்ஸ்" (எழுதும்போதே பிழை காட்டும் வசதி) என்று நிற்கும். அதை "பில்டு மட்டும்" என்று மாற்றியதும் கூட்டம் கொஞ்சம் கலைந்தது. அதைவிட உருப்படியாக உதவியது டெவலப்பர் கமாண்ட் பிராம்ப்ட். விஷுவல் ஸ்டுடியோ பல புராஜெக்டுகளை ஒரே நேரத்தில் பில்டு செய்வதால் அவுட்புட் ஜன்னலில் வரிகள் ஒன்றோடொன்று கலந்து வரும். கமாண்ட் பிராம்ப்டில், பில்டு செய்யும் கட்டளையான எம்எஸ்பில்டு என்று மட்டும் அடித்தால், நாமாகக் கேட்டாலொழிய, ஒன்றன்பின் ஒன்றாகவே போகும். அதில் வரும் முதல் சிவப்பு வரியை மட்டும் படிப்பது, அதைச் சரி செய்வது, மறுபடி ஓட்டுவது, இரண்டாவது வரியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்த பிறகுதான் வேலை நகர்ந்தது.

முதல் வரி எம்எஸ்பி3202, புராஜெக்ட் கோப்பே இல்லை. சொல்யூஷன் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தேன். அது சாதாரண எழுத்துக் கோப்புதான், பயப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு புராஜெக்டுக்கும் ஒரு பெயர், ஒரு பாதை, ஒரு நீண்ட அடையாள எண். ஐந்து புராஜெக்டின் பாதை ஒழுங்காக இருந்தது, ஆறாவதான காமன் மட்டும் இரண்டு புள்ளியில் ஆரம்பித்தது. இரண்டு புள்ளி என்றால் ஒரு ஃபோல்டர் மேலே ஏறிப் போ என்று அர்த்தம். அதாவது அண்ணனின் மெஷினில் அந்த காமன் ஃபோல்டர் இந்த ரெப்போவுக்கு (கிட் வைத்திருக்கும் கோப்புத் தொகுப்புக்கு) வெளியே, பக்கத்து வீடு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. தேடியதில் எங்கள் கிட் சர்வரிலேயே தனி ரெப்போவாக இருந்தது.

அதைக் கண்டுபிடிப்பதற்கு முன்பு ஒரு அசட்டுத்தனம் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சாம்பல் நிறப் புராஜெக்டை ரைட் கிளிக் செய்து சொல்யூஷனிலிருந்து எடுத்துவிட்டேன். எம்எஸ்பி3202 போய்விட்டது, ஒரு நிமிடம் சந்தோஷம். ஆனால் மற்ற புராஜெக்டுகளின் விவரத்தை வைத்திருக்கும் சிஎஸ்புராஜ் கோப்புக்குள் காமனுக்கான ரெஃபரன்ஸ் அப்படியே இருக்கிறதே. அது எம்எஸ்பி9008 என்று எரராகக்கூட இல்லாமல் வெறும் வார்னிங்காக வந்து, நூறு வார்னிங்குக்கு நடுவில் ஒளிந்துகொண்டது. எரர் மறைந்தால் சரியாகிவிட்டது என்று நினைக்கிற பழக்கம் எனக்கு அன்றோடு போனது. எடுத்ததைத் திரும்பச் சேர்த்து, காமன் ரெப்போவை சப்மாட்யூலாக, அதாவது ரெப்போவுக்குள் ரெப்போவாக, உள்ளே கொண்டுவந்து, பாதைகளை மாற்றினேன். சப்மாட்யூல் வைத்தால் குளோன் செய்யும்போதே ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ் ஆப்ஷனையும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காலி ஃபோல்டர் வந்து அதே எரர் திரும்பவும் வரும்.

அடுத்த முதல் வரி எம்எஸ்பி3644, ஃபிரேம்வொர்க்கின் ரெஃபரன்ஸ் கோப்புகளைக் காணவில்லை. இந்த அப்ளிகேஷன் டாட்நெட் ஃபிரேம்வொர்க் (புரோகிராம் ஓடத் தேவையான அடித்தளம்) 4.5-க்காக எழுதப்பட்டது, 2022 பதிப்பு விஷுவல் ஸ்டுடியோவில் 4.5-க்கு பில்டு செய்யத் தேவையான டார்கெட்டிங் பேக் வருவதில்லை. ரெஃபரன்ஸ் அசெம்ப்ளிகளை மட்டும் நியூகெட் பேக்கேஜாக (இணையத்திலிருந்து இறக்கிச் சேர்க்கும் மூட்டை) மைக்ரோசாஃப்ட் தருகிறது, ஃபிரேம்வொர்க்கை மாற்றவே கூடாது என்கிற இடத்தில் அதைப் போடலாம். நான் 4.8-க்கு ஏற்றிவிட்டேன். 4.8.1 இல்லை, 4.8. எடைமேடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7 என்று கேள்விப்பட்டிருந்தேன், சர்வீஸ் பேக் 1 இருந்தால் 4.8 அதில் ஓடும், 4.8.1 ஓடாது. இதைக் கவனிக்காமல் இருப்பதிலேயே புதியதைத் தேர்ந்தெடுத்திருந்தால் என் மெஷினில் நல்லாத்தான ஓடுச்சு என்று நானும் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

அப்புறம் நியூகெட். பேக்கேஜ்களை இறக்க இங்கே டாட்நெட் ரீஸ்டோர் என்று அடித்துப் பார்த்தேன், ரீஸ்டோர் செய்ய எதுவுமில்லை என்று சமர்த்தாகச் சொல்லி முடித்தது. பழைய பேக்கேஜஸ் கான்ஃபிக் முறையில் எழுதிய புராஜெக்டுகளை அந்தக் கட்டளை கண்டுகொள்ளாது. நியூகெட் எக்ஸ்இ-யை வைத்து ரீஸ்டோர் செய்தால் வரும், அல்லது விஷுவல் ஸ்டுடியோவுக்குள்ளேயே சொல்யூஷனை ரைட் கிளிக் செய்து ரீஸ்டோர் கொடுக்கலாம். கொடுத்தேன், எல்லாம் இறங்கியது. ஆனாலும் ஒரு புராஜெக்ட் மட்டும் பேக்கேஜ் காணவில்லை என்றே அடம் பிடித்தது. பேக்கேஜ்கள் இறங்குவது சொல்யூஷன் கோப்பு இருக்கும் இடத்தில் உள்ள பேக்கேஜஸ் ஃபோல்டரில். அந்த ஒரு புராஜெக்டை அண்ணன் எப்போதோ வேறொரு சொல்யூஷனுக்குள்ளிருந்து திறந்து பேக்கேஜ் சேர்த்திருக்கிறார், அதனால் அதன் ஹின்ட்பாத் (டிஎல்எல்லை எங்கே தேடுவது என்று சொல்லும் பாதை) ஒரு படி அதிகமாக மேலே ஏறி, இல்லாத ஃபோல்டரில் தேடிக்கொண்டிருந்தது. சிஎஸ்புராஜைத் திறந்து ஃபைண்ட் ரீப்ளேஸ், இரண்டு நிமிடம்.

இப்போது எரர் குறைந்திருக்க வேண்டும் இல்லையா? கூடியது! 112-க்கு வந்திருந்தது 140 ஆனது. கீழே இருந்தது பில்டு ஆனதும், அதுவரை வாய்ப்பே கிடைக்காமல் காத்திருந்த மேல் புராஜெக்டுகள் தங்கள் சொந்தக் குறைகளைச் சொல்ல ஆரம்பித்தன. எண்ணிக்கையை வைத்து முன்னேற்றத்தை அளந்தால் இந்த இடத்தில் மனம் விட்டுப்போகும், எனக்கும் போனது, டீ குடிக்கப் போய்விட்டேன்.

அடுத்து வந்ததுதான் உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது. சிஎஸ்2001, சோர்ஸ் கோப்பே இல்லை. மஞ்சள் முக்கோணம் போட்டிருந்த அந்த நான்கு கோப்புகள், எல்லாம் லாக்ஸ் என்ற ஒரே ஃபோல்டருக்குள். பழைய வகை சிஎஸ்புராஜில் ஒவ்வொரு சோர்ஸ் கோப்பின் பெயரும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும், எனவே கோப்பு இல்லாவிட்டாலும் பட்டியலில் பெயர் இருக்கும். (புதிய வகையில் ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் தானே எடுத்துக்கொள்ளும், அதில் இந்த எரரே வந்திருக்காது, நேராக கிளாஸைக் காணவில்லை என்றுதான் தெரிந்திருக்கும்.) கிட் ஹிஸ்டரி முழுக்கத் தேடினேன், அந்த நான்கும் ஒருநாளும் உள்ளே வந்ததே இல்லை.

அப்போதுதான் கிட் செக்-இக்னோர் என்ற கட்டளை நினைவுக்கு வந்தது. அதோடு மைனஸ் வி-யும் கோப்பின் பாதையும் கொடுத்தால், எந்த கிட்இக்னோர் கோப்பின் (எவற்றைச் சேர்க்கக் கூடாது என்று கிட்டுக்குச் சொல்லும் பட்டியல்) எத்தனையாவது வரி அதைத் தடுக்கிறது என்று கையைப் பிடித்துக் காட்டும். காட்டியது. விஷுவல் ஸ்டுடியோவுக்கென்று எல்லோரும் எடுத்துப் போடுகிற அந்த ரெடிமேட் கிட்இக்னோரில் லாக், லாக்ஸ் என்ற பெயருள்ள ஃபோல்டர்களை விட்டுவிடு என்று வரிகள் இருக்கின்றன. அவை புரோகிராம் ஓடும்போது எழுதும் பதிவுகளான லாக் கோப்புகளுக்காக எழுதியவை. அண்ணன் லாக் எழுதும் கிளாஸ்களை லாக்ஸ் என்ற ஃபோல்டரில் வைத்திருந்தார், கிட் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. அவர் மெஷினில் கோப்பு இருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

மறுபடி போன். அவர் லேப்டாப்பை எப்போதோ ஃபார்மட் செய்து வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று. கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன், "கிட்ல போட்டப்புறம் வேற ஃபோல்டர்ல ஒரு தடவை குளோன் பண்ணி ஓட்டிப் பார்த்திருக்கலாம்ல அண்ணா" என்று. அவர் பாவம், "ஆமாம் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

ஐந்தாவது குறையும் அதற்குள் தெரிந்துவிட்டது. எடை காட்டும் இண்டிகேட்டர் பெட்டியிலிருந்து சீரியல் போர்ட் வழியாக எண்ணைப் படிக்கும் ஒரு டிஎல்எல், அதன் ஹின்ட்பாத் அவருடைய டி டிரைவின் டெஸ்க்டாப் பேக்கப்புக்குள் இருக்கும் ஏதோ ஒரு ஃபோல்டர். அது நியூகெட்டில் கிடைக்கிற சரக்கு இல்லை, பெட்டி விற்றவர்கள் சிடியில் கொடுத்தது.

சோர்ஸ் இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷன் ஒன்று இருக்கிறதே என்று பல்லடம் பக்கம் இருக்கும் அந்த எடைமேடைக்கே கிளம்பிவிட்டேன். கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகியதும் ஆபரேட்டர், "ஏனுங்க தம்பி, வெளிய நாலு லாரி நிக்குது, சீக்கிரம் எடுங்க" என்றார். இன்ஸ்டால் ஆன ஃபோல்டரை முழுசாகக் காப்பி செய்தேன், இண்டிகேட்டர் டிஎல்எல் அதிலேயே இருந்தது. விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1 என்பதையும் உறுதி செய்துகொண்டேன். ஆஃபீசுக்கு வந்து ஐஎல்ஸ்பை என்ற இலவச டூலில் அண்ணனின் டிஎல்எல்லைத் திறந்து, அந்த நான்கு கிளாஸையும் திரும்ப சி ஷார்ப்பாக மாற்றி எடுத்தேன். மாறிகளின் பெயரை வைத்திருக்கும் பிடிபி கோப்பு கூட இல்லாததால் உள்ளூர் மாறிகளின் பெயரெல்லாம் "நம்" (நம்பரின் சுருக்கம்), "நம்2", "டெக்ஸ்ட்", "ஃபிளாக்" என்று மொட்டையாக வந்தது, கமெண்ட் ஒன்றுகூட இல்லை. கோடு அவருடையதுதான், முகம்தான் அடையாளம் தெரியவில்லை. உட்கார்ந்து பெயர் மாற்றி, ஃபோல்டருக்கு லாக்கிங் என்று புதுப் பெயர் வைத்து, சிஎஸ்புராஜிலும் திருத்தினேன்.

இண்டிகேட்டர் டிஎல்எல்லுக்கு ரெப்போவுக்குள்ளேயே லிப் என்று ஒரு ஃபோல்டர் போட்டேன். அது 32 பிட், 64 பிட்டாக ஓடும் புரோகிராமில் ஏறாது, அதனால் புராஜெக்டின் பிளாட்ஃபார்மை எக்ஸ்86 (32 பிட்) என்று வைத்து, பின்னால் வருகிறவருக்கும் புரியட்டும் என்று லிப்புக்குள் எக்ஸ்86 என்றே ஒரு உள்ஃபோல்டர் போட்டு அதில் டிஎல்எல்லை வைத்தேன். பில்டு கொடுத்தேன். பூஜ்ஜியம் எரர். கமிட், புஷ் (கிட்டில் பதிந்து சர்வருக்கு அனுப்பியாயிற்று), டிரைவர் பெயர் வேலையும் முடிந்தது.

அண்ணனிடம் அவ்வளவு பேசியாயிற்றே, நானும் செய்து பார்க்க வேண்டாமா என்று வேறொரு ஃபோல்டரில் புதிதாகக் குளோன் செய்து பில்டு கொடுத்தேன். ஒரே ஒரு ரெஃபரன்ஸில் மஞ்சள் முக்கோணம், இண்டிகேட்டர் டிஎல்எல். லிப் ஃபோல்டரே வரவில்லை. கிட் செக்-இக்னோர் அடித்தேன், அதே ரெடிமேட் கிட்இக்னோர், லாக்ஸ் வரிக்குச் சற்று மேலே இன்னொரு வரி: எக்ஸ்86.

ஃபோல்டர் பெயரை 32பிட் என்று மாற்றி மறுபடி புஷ் செய்தேன். அண்ணனுக்கு போன் போட்டு இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன், இன்னும் சொல்லவில்லை.