அரைச் சுற்று

ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு 8 ஜிபி ரேம் போட்டிருக்கிறது, ஆன் செய்ததும் வரும் பயாஸ் திரை 8 ஜிபி மட்டும் காட்டுகிறது. எல்ஜிஏ 1700 என்ற இன்டெல் ப்ராசஸர் சாக்கெட் உள்ள போர்டு, டிடிஆர்4 ரேம், ப்ராசஸரைக் குளிர்விக்க அப்போதுதான் மாட்டிய டவர் கூலர். ரேமை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாயிற்று. ஏ2 ஸ்லாட்டில் இரண்டுமே தனித்தனியாக ஓடுகின்றன. பி2-வில் எதைத் தனியாகப் போட்டாலும் ரேம் கோளாறைக் காட்டும் டிராம் விளக்கு எரிந்தபடி நின்றுவிடுகிறது.

இந்த இடத்தில் ஸ்லாட்டைக் குறை சொல்வதற்கு முன் கூலரைச் சந்தேகப்பட வேண்டும். ரேமை நடத்துகிற கன்ட்ரோலர் ஏஎம்டியில் 2003-லிருந்தும் இன்டெலில் 2008-லிருந்தும் ப்ராசஸருக்குள்ளேயே வந்துவிட்டது. ரேமுக்கான பாதைகள் ஏ, பி என்று இரண்டு; அவற்றைத்தான் சேனல் என்பது. ஒவ்வொரு சேனலின் சிக்னலும் சாக்கெட்டின் பின்களைத் தாண்டித்தான் ரேமுக்குப் போக வேண்டும். கூலர் ஒரு மூலையில் அதிகமாக அழுத்தினால் எதிர் மூலையில் பின்னும் ப்ராசஸரின் அடித்தகடும் சரியாகத் தொடாது. சில பின்கள் தொடாவிட்டாலும் மெஷின் ஆன் ஆகும், திரையும் வரும். ஒரு சேனல் மட்டும் காணாமல் போயிருக்கும்.

கூட வேலை பார்க்கும் தம்பி இதைச் சட்டென்று பிடித்துவிட்டார். ரேம் பக்கத்து ஸ்க்ரூ இரண்டையும் அரைச் சுற்று தளர்த்தி ஆன் செய்தார். 16 ஜிபி, டூயல் சேனல். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடி முடிந்தது, ஒரு பிழை இல்லை. முழு லோடிலும் வெப்பம் சொல்லும்படியாக ஏறவில்லை.

"கழட்டிட்டு முதல்லேர்ந்து மாட்டலாம்" என்றேன்.

"வேலை செய்யுதுல்ல அண்ணே, அப்புறம் எதுக்குக் கழட்டணும்?"

"தளர்த்தினதாலதான் வேலை செய்யுது. அதுக்காகத்தான் கழட்டணும்."

நடந்த பேச்சு இவ்வளவுதான். ஆனால் அவர் கேட்டதில் இருந்த நியாயம் எனக்கு அப்போதே தெரிந்தது. கழற்றுவது சும்மா வேலை இல்லை. இந்தச் சாக்கெட்டில் வளைந்து நிற்பவை 1,700 மெல்லிய ஸ்பிரிங் பின்கள். ப்ராசஸரை எடுக்கும்போது ஒரு விரல் வழுக்கினால், துடைத்த துணியின் நூல் ஒன்று மாட்டினால், போர்டே போய்விடும். வளைந்த பின்னுக்கு வாரண்டியும் பெரும்பாலும் கிடைக்காது. நன்றாக ஓடுகிற மெஷினை, மெம்டெஸ்ட் தாண்டிய மெஷினை, ஒரு சந்தேகத்துக்காகப் பிரிப்பது சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக முடியலாம்.

என் பக்கமும் வலுவில்லாதது என்று சொல்ல மாட்டேன். கூலர் ஸ்க்ரூவில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் முறுக்க முறுக்க அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். எங்கே நிறுத்துவது என்று கைதான் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட கூலரில் அரைச் சுற்று தளர்த்தியது சரியான திருத்தமாகவே இருக்கலாம். இன்னொரு வகையில் ஸ்க்ரூவின் தோள், அது ஏறும் ஸ்டாண்டாஃப் என்ற தண்டில் போய் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் முறுக்க முடியாது. அழுத்தம் முழுவதும் ஸ்பிரிங்கின் கணக்கு. அது கூலரை வடிவமைத்தவரே போட்டுவைத்த கணக்கு. இந்தக் கூலர் இரண்டாம் வகை. நாலு ஸ்க்ரூவும் முட்டி நிற்கும் நிலைதான் அதன் சரியான நிலை. அந்த நிலையில் ஒரு சேனல் போகிறது என்றால் தவறு ஸ்க்ரூவில் இல்லை, அதற்குக் கீழே எங்கோ இருக்கிறது. தளர்த்தியது அதை மூடி மறைக்கத்தான் செய்யும்.

கீழே இருக்கக்கூடிய தவறுகள் எல்லாம் தெரிந்தவைதான். முந்தைய எல்ஜிஏ 1200-ல் கூலர் துளைகளுக்கு இடையே 75 மி.மீ.; 1700-ல் அது 78 ஆனது. ப்ராசஸர் உட்காரும் உயரமும் குறைந்தது. ஒரே கூலர் பெட்டியில் இரண்டுக்குமான ஸ்டாண்டாஃப்கள் கலந்து வரும், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நாலில் ஒன்று மாறிப்போனாலே அழுத்தம் சாய்ந்துவிடும். போர்டின் பின்பக்கம் வைக்கும் தகடான பேக்பிளேட்டின் நகரும் காதுகளில் ஒன்று மட்டும் 75 அடையாளத்திலேயே நின்றிருந்தாலும் ஸ்டாண்டாஃப் சாய்ந்துதான் ஏறும். பேக்பிளேட்டுக்கும் போர்டுக்கும் நடுவே ஒரு சால்டர் முனை மாட்டியிருக்கலாம். ப்ராசஸரின் அடித்தகட்டில், கூலருக்கு வெப்பம் கடத்தத் தடவும் பேஸ்ட் ஒரு துளி ஒட்டியிருக்கலாம். இவற்றில் எதையும் மேலே இருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

சில நிமிடம் லோடு கொடுத்து பேஸ்ட் இளகிய பிறகு கழற்றினோம். ஸ்க்ரூக்களைக் குறுக்கு மூலை மாற்றி மாற்றித் தளர்த்தி, கூலரை லேசாக இருபுறமும் திருகி, பிடி விட்டபின் நேராக மேலே. பேஸ்ட்டின் பதிவு எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. இந்தச் சாக்கெட்டின் பிடித்தகடு ப்ராசஸரை இரண்டு நீளப் பக்கங்களின் நடுவில் மட்டும் அழுத்துவதால் அது லேசாக வளையும். அதனால் நடுவில் பேஸ்ட் சற்றுத் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் படிந்திருக்கும். அதைத் தவிர வேறு சாய்வு தெரியவில்லை. ஸ்டாண்டாஃப் நாலும் சரி. காதுகள் நாலும் 78-ல். சாக்கெட்டின் மேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து எல்லாத் திசையிலிருந்தும் பார்த்தோம். பின் வளைந்திருந்தால் மினுமினுப்பில் ஒரு இடம் மங்கித் தெரியும். எங்கும் மங்கவில்லை.

அடித்தகட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் ப்ராசஸரை மறுபடி உட்காரவைத்து நெம்புகோலைப் பூட்டினேன். புதுப் பேஸ்ட். கூலரை நகர்த்தாமல் நேராக இறக்கி, நாலு ஸ்க்ரூவும் முதலில் இரண்டு மறை மட்டும் பிடிக்கவிட்டு, பிறகு குறுக்கு மூலை வரிசையில் இரண்டிரண்டு சுற்றாக, முட்டி நிற்கும்வரை. ஆன் செய்தோம். 16 ஜிபி, டூயல் சேனல், மெம்டெஸ்ட் சுத்தம்.

நான் சொன்னது சரிதான் என்று இதை வைத்துச் சொல்லலாம். முழு இறுக்கத்தில் ஓடுகிறது, அதுதான் சரியான நிலை. ஆனால் காரணம் கிடைக்கவில்லையே! அடித்தகட்டில் ஏதாவது ஒட்டியிருந்ததா? துடைத்த துணியில் ஒன்றும் தெரியவில்லை. முதல் தடவை ஒரு பக்க ஸ்க்ரூ முழுக்க இறுகிய பிறகு மறுபக்கம் இறுகியதா? நாலும் முட்டி நின்றபின் அந்த வரிசைக்கான தடயம் எதுவும் மிஞ்சாது. கழற்றியதிலேயே சாட்சியும் கலைந்துபோயிற்று. தம்பியின் வழியில் விட்டிருந்தால் காரணம் தெரியாத குறை உள்ளே இருந்திருக்கும். என் வழியில் குறை போயிற்று, காரணமும் சேர்ந்து போயிற்று. இரண்டில் எது மேல் என்று உறுதியாகச் சொல்ல என்னால் இன்னும் முடியவில்லை.

இதை இவ்வளவு யோசிப்பதற்கு இன்னொரு காரணம், பிறகு வந்த ஒரு மெஷின். ஏஎம்டியின் ரைசன் 7000 ப்ராசஸர், ஏஎம் 5 சாக்கெட். எல்லாக் கோரும் ஓடும்போது 95 டிகிரி. நான் வருவதற்குள் தம்பி கூலரைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டியிருந்தார். மறுபடியும் 95. 2022-ல் வந்த அந்த வரிசையின் எக்ஸ் ரகங்களில் அது கோளாறே இல்லை. 95-ஐத் தொடும்வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போவதுதான் அவற்றின் வடிவமைப்பு. நல்ல கூலர் போட்டால் வெப்பம் குறைவதைவிட மெகாஹெர்ட்ஸ் கூடுவதைத்தான் பார்க்கலாம். "சந்தேகம் வந்தா கழட்டிப் பாக்கணும்னு அன்னைக்கு நீங்கதானே அண்ணே சொன்னீங்க?" என்றார். அப்படி நான் சொல்லவில்லை. ஆனால் நான் செய்ததைப் பார்த்தவர் வேறு எப்படி எடுத்துக்கொண்டிருக்க முடியும்?

நல்லவேளை, அது ஏஎம் 5. பின்கள் சாக்கெட்டில், ப்ராசஸர் பிடித்தகட்டுக்குள். இதுவே ப்ராசஸரின் அடியிலேயே பின்கள் இருக்கும் பழைய ஏஎம் 4 ஆக இருந்து, சூடேற்றாமல் நேராக இழுத்திருந்தால், பேஸ்ட் பிடித்த பிடியில் ப்ராசஸர் பூட்டிய சாக்கெட்டிலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்திருக்கலாம், 1,331 பின்னோடும்.

அதற்குப் பிறகு அவரிடம் இப்படிப் பிரித்துச் சொன்னேன்: வெப்ப எண்ணை மட்டும் பார்த்துக் கூலரில் கை வைக்க வேண்டாம், பக்கத்தில் வாட்டைப் பார்க்க வேண்டும். 95 டிகிரி, 200 வாட், வேகமும் முழுசாக இருக்கிறது என்றால் கூலர் தன் வேலையைச் செய்கிறது. 60 வாட்டிலேயே 95 என்றால்தான் கழற்ற வேண்டிய விஷயம்: அடியில் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் உரிக்காமல் இருக்கலாம், கூலரைப் பிடிக்கும் புஷ்பின் ஒன்று போர்டின் பின்பக்கம் முழுசாக வெளிவராமல் இருக்கலாம், லிக்விட் கூலரின் பம்ப் ஓடாமல் இருக்கலாம். ரேம் சேனல் போவது வேறு. சேனல் இல்லாமல் போவதற்கு நியாயமான காரணம் எதுவும் கிடையாது.

"ஆனா அன்னைக்குச் சேனல் வந்துடுச்சே அண்ணே" என்றார்.

வந்துவிட்டதுதான். கழற்ற முடிவெடுத்த நேரத்தில் அந்த மெஷினில் குறை என்று காட்ட ஒன்றுமே இல்லை. என்னிடம் இருந்தது அரைச் சுற்று இடைவெளி மட்டும். கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையுள்ள டவர், நிமிர்த்திவைத்த கேபினெட்டில் பக்கவாட்டில் தொங்கும். அந்த இடைவெளியோடு வண்டியில் குலுங்கிப் போனால் சேனல் மறுபடி போகலாம் என்று சொன்னேன். போகலாம்தான். போகாமலும் இருந்திருக்கலாம் என்றார், அதையும் மறுக்க முடியவில்லை.

இப்போது தளர்த்திப் பார்ப்பதற்கு முன் ஸ்க்ரூ தலையிலிருந்து ஸ்டாண்டாஃப்வரை மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுகிறோம். ஒரு நேரத்தில் ஒரு ஸ்க்ரூ மட்டும், கால் கால் சுற்றாக. எந்த மூலையில், எத்தனை கால் சுற்றில் சேனல் திரும்புகிறது என்று வேலைச் சீட்டில் எழுதிவிட்டுத்தான் கழற்றுவது. அந்த மூலையின் எதிரே உள்ள பின்களையும் ஸ்டாண்டாஃபையும் முதலில் பார்ப்பது. எழுதியபின் கழற்றியே ஆக வேண்டுமா என்பதில் மட்டும் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிட்டு முடிவெடுக்கலாம் என்கிறார் அவர்.