ரங்கூனைச் சுத்தம் செய்த ஜெனரல்

காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பல ஆண்டுகளாக வரலாறு நடத்திவருகிறேன். இக்கால உலக வரலாற்றுத் தாளில் சர்வாதிகாரம் பற்றிய பகுதி வந்தாலே யாராவது ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, நம் நாட்டுக்கு ஒரு நல்ல சர்வாதிகாரி வந்தால்தான் சரிப்படும்" என்பார். பாதி வகுப்பு தலையாட்டும். நான் கடிந்துகொள்வதில்லை. ஒரு பட்டா மாறுதலுக்காக அப்பா தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்திருக்கும் மருந்துதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

பாடநூல் ஹிட்லரிலிருந்து தொடங்குகிறது. நான் பர்மாவிலிருந்து, அதாவது இன்றைய மியான்மரிலிருந்து தொடங்குகிறேன். செட்டிநாட்டில் பர்மாவுக்கு அறிமுகம் தேவையில்லை. வளவுத் தூண்களில் நிற்பது பர்மாத் தேக்கு. ஊருக்குள்ளேயே பர்மா காலனி இருக்கிறது.

1958 இல் பர்மாவின் ஆளுங்கட்சி இரண்டாகப் பிளந்தது. பிரதமர் ஊ நூ, தளபதி நே வின்னை அழைத்துத் தாமே ஆட்சியை ஒப்படைத்தார். ராணுவத்தார் சுறுசுறுப்பாக வேலை செய்தார்கள். தலைநகர் ரங்கூனின் தெருக்களில் மலையாய்க் கிடந்த குப்பை அகன்றது. குடிசைவாசிகள் நகருக்கு வெளியே புதுக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டார்கள். 1960 இல் தேர்தல் நடந்தது. ஊ நூ வென்றார். ஜெனரல் ஆட்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். இந்த இடத்தில் பாடத்தை நிறுத்தி, "நீங்கள் கேட்ட ஆள் இவர்தானே?" என்று கேட்பேன். "இவரேதான் ஐயா" என்பார்கள்.

1962 மார்ச் 2 அன்று அதே மனிதர் யாரும் அழைக்காமலே வந்தார். நாடாளுமன்றம் கலைந்தது. ஜூலை 7 அன்று ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடமே வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. 1963 இல் வங்கிகள், 1964 இல் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு பர்மிய நாணயமான கியாத்தில் 50, 100 நோட்டுகள் செல்லாமல் போயின. சுமார் 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். 1987 இல் 25, 35, 75 கியாத் நோட்டுகளும் செல்லாதவை என்று ஆயின. நே வின் அதிர்ஷ்ட எண்ணாகக் கருதியதாகச் சொல்லப்படும் ஒன்பதால் வகுபடும் 45, 90 கியாத் நோட்டுகள் புதிதாக வந்தன. ஒரு நாட்டு மக்களின் சேமிப்பை ஒருவர் இப்படிக் கையாள முடிந்தது. தடுத்துக் கேட்கும் இடத்தில் யாருமே மிச்சம் வைக்கப்படவில்லை.

அவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் வரலாற்றாசிரியருக்கு அதிகம் கிடைக்காது. கதவைத் திறந்தது யார், பிறகு அதை யார் மூடாமல் விட்டார்கள் என்பவை பயனுள்ள கேள்விகள். ஜெர்மனியிலும் அப்படித்தான். 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகள் பெற்றது 33 சதவீதம், பெரும்பான்மை கிடையாது. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லரைப் பதவியில் அமர்த்தியவர் ஜனாதிபதி ஹிண்டன்பர்க். பிறகு நடந்ததை விளக்கும்போது இயன் கெர்ஷா என்ற பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர், தலைவர் எதை விரும்புவார் என்று ஊகித்து, உத்தரவுக்குக் காத்திராமல் செய்து முடித்த அதிகாரிகளைச் சுட்டிக்காட்டினார். நான் படித்தவற்றில் என்னை அதிகம் உலுக்கியது அதுதான். உத்தரவு எழுதப்பட்டிருந்தால் ஆவணக் காப்பகத்தில் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். ஊகத்துக்குக் கோப்பு ஏது?

ஆனால் பர்மாவைப் பாடமாக வைத்தால் நம் ஊரின் பங்கையும் பேசியாக வேண்டும். கானாடுகாத்தான் பக்கம் ஓர் ஆச்சி, தம் வீட்டு ரங்கூன் கடைப் பேரேடுகளை மாணவர்கள் பார்க்க அனுமதித்தார். "நிலம் நீச்சு எல்லாவற்றையும் நே வின்தான் பிடுங்கிக்கொண்டான்" என்றார். அந்த வலி உண்மை. கல்லூரிக்குத் திரும்பியபின் அதே கூற்றை ஆண்டுகளோடு வைத்துப் பார்த்தோம். 1930 இல் நெல் விலை சரிந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்துவந்த செட்டியார்கள் கையில் 6 சதவீதமாக இருந்த நிலம், 1937 இல் 25 சதவீதமானது. கடன் கொடுத்தவருக்குத் தேவை வட்டியும் முதலும்தான். நிலத்தை அவர் தேடிப் போகவில்லை. பணம் வராததால் அடமான நிலம் வந்து சேர்ந்தது. தன் வயலிலேயே குத்தகைக்காரனாகிவிட்ட பர்மிய விவசாயிக்கு இந்த விளக்கத்தால் என்ன ஆறுதல்? நில தேசியமயச் சட்டம் 1948 இல், அதாவது ஊ நூ காலத்திலேயே வந்துவிட்டது. அந்தச் சட்டத்தையும் 1964 இல் கடைகள் பறிபோனதையும் குடும்ப நினைவு ஒன்றாகச் சேர்த்துவிட்டது. வரலாறு அவற்றைப் பிரித்தாக வேண்டும். செட்டிநாட்டு வகுப்பறையில் இதைச் சொல்வது எளிதல்ல. சில முகங்கள் வாடும். சொல்லாமல் விட்டால் நான் நடத்துவது வரலாறாக இருக்காது.

நம் நாட்டின் நெருக்கடி நிலையைப் பற்றிப் பேசும்போது இரா. செழியனைக் கட்டாயம் குறிப்பிடுவேன். 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நடந்த அத்துமீறல்களை ஷா ஆணையம் விசாரித்தது. அதன் அறிக்கை பின்னாளில் கண்ணில் படாமலே போயிற்று. தம்மிடம் இருந்த பிரதியைக் கொண்டு 2010 இல் அதை மீண்டும் அச்சுக்குக் கொண்டுவந்தவர் செழியன். ஒரு நாடாளுமன்றவாதி வரலாற்றுக்குச் செய்த இதைவிடப் பெரிய தொண்டு எனக்குத் தெரியவில்லை.

சென்ற பருவ அகமதிப்பீட்டுத் தேர்வில், "1958 இல் ஊ நூ செய்தது சரியா?" என்று மட்டும் கேட்டிருந்தேன். பலரும் ஜெனரலை ஏசி எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி வேறொன்றைப் பிடித்திருந்தாள். நாடாளுமன்ற உறுப்பினர் அல்லாதவர் ஆறு மாதத்துக்கு மேல் அமைச்சராக நீடிக்கக் கூடாது என்றது பர்மாவின் 1947 அரசியலமைப்பு. நே வின் நீடிப்பதற்காக 1959 இல் அந்த விதியைத் திருத்தியது நாடாளுமன்றம்தான். "ஐயா, 1962 க்கு நாம் ஏன் காத்திருக்க வேண்டும்?" என்று விடைத்தாளிலேயே கேட்டிருந்தாள். வரும் பருவத்தில் பாடத்தை அந்தத் திருத்தத்திலிருந்து தொடங்குவதாக இருக்கிறேன். அவளும் தன் ஆய்வுத் திட்டத்துக்கு அதையே எடுத்திருக்கிறாள்.