மனச்சோர்வுக்கு மெடிக்கல் எடுத்துக் குடுத்த பாடு

ஒருவழியாகப் போன கிழமை என் மெடிக்கல், அதாவது வருத்தத்தால் சோதனை எழுதவில்லை என்பதற்கான டொக்டர் சான்றிதழ், கம்பஸில் ஏற்கப்பட்டுவிட்டது. ஆனாலும் பீட அலுவலகத்துக் கவுண்டரில் கேட்ட வசனம் இன்னும் எரிச்சலைக் கிளப்புகிறது. “தம்பி, கால் முறிஞ்சா மாவுக்கட்டு இருக்கும், டெங்கு எண்டா ரிப்போர்ட் இருக்கும். உங்களப் பாத்தா வருத்தக்காரன் மாதிரித் தெரியல்லயே.” எனக்குப் பின்னால் வரிசையில் ஜூனியர்கள் நின்றார்கள். எல்லாருக்கும் கேட்டது.

வீடு களுவாஞ்சிகுடிப் பக்கம். எந்தக் கம்பஸ் என்று மட்டும் கேட்க வேண்டாம்.

ஏஎல் வரைக்கும் தமிழ் மீடியம், கம்பஸில் எல்லாமே இங்கிலீஷ். அது எல்லாருக்கும் உள்ள பாடுதான், முதல் வருசம் எப்படியோ ஓடிவிட்டது. பிறகுதான் உடம்பு மாறியது. விடிய மூன்று மணிக்கே முழிப்பு வரும், திரும்ப நித்திரை வராது. சோறு இறங்காது. ஒரே பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தாலும் ஒன்றும் ஏறாது. போர்டிங்கில் இதற்குச் சோம்பல் என்று பேர். வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்குக் கண்ணூறு. கழித்தார், தண்ணி ஓதிக் கொடுத்தார், மண்டூர் முருகனுக்கு நேர்த்தியும் வைத்தார். ஒரு தனியார் டிஸ்பென்சரியில் காஸ்ரைட்டிஸ் என்று சொல்லிக் குளிசை தந்தார்கள். வயிற்றெரிவு குறைந்தது, விடிய மூன்று மணி முழிப்பு மட்டும் அப்படியே இருந்தது. சோதனைக் கிழமையில் கட்டிலை விட்டு எழும்பவே ஏலவில்லை. மூன்று பாடங்கள் போயின.

உளநலக் கிளினிக்குக்குப் போகச் சொன்னது மச்சாள். மட்டக்களப்பு டவுனுக்குத்தான் போகவேண்டும் என்று நினைத்திருந்தேன், தேவைப்படவில்லை. ஆதார வைத்தியசாலைகளிலும் உளநல வைத்திய அதிகாரிகள் பார்க்கிறார்கள், அரச ஆஸ்பத்திரி என்பதால் காசும் இல்லை. எந்த நாளில் கிளினிக் என்று மட்டும் முதலே கேட்டுவிட்டுப் போங்கள். நான் கேட்காமல் போனேன், அன்றைக்குக் கிளினிக் இல்லை, பஸ் காசு வீண்.

அடுத்த தடவை டொக்டர் குறிப்பெழுத வெளிக்கடையில் 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கி, பேர் எழுதி, துண்டு எடுத்து வாங்கில் உட்கார்ந்தேன். தெரிந்த ஆக்கள் யாரும் கண்டுவிடக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தால், பக்கத்து வளவு மாமி தன்ர கொப்பியோடு எதிரில் இருக்கிறார். அவரும் என்னைக் காணவில்லை, நானும் அவரைக் காணவில்லை. இன்றுவரைக்கும் அப்படித்தான்.

டொக்டர் ஒன்பது கேள்வி உள்ள தாள் ஒன்று தந்தார். போட்டோக்கொப்பி மங்கிப் பாதி எழுத்து தெரியவில்லை, அவரே வாசித்துக் காட்டினார். கடந்த இரண்டு கிழமையில் நித்திரை, சாப்பாடு, கவனம் எல்லாம் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரைக்கும் புள்ளி, மொத்தம் 27. கடைசிக் கேள்வி, செத்துப்போனால் நல்லம் என்ற நினைப்பு வந்ததா என்பது. குரலை மாற்றாமல், மற்றக் கேள்விகளைப் போலவே கேட்டார். அதனால்தான் எனக்கும் “சில நாள்” என்று சொல்ல முடிந்தது. என் புள்ளி 15ஐத் தாண்டியிருந்தது. தைரொயிட் குறைந்தாலும் இப்படிச் சோர்வு வருமாம், அதற்கும் ஹீமோகுளோபினுக்கும் இரத்தம் எடுத்தார்கள். இரண்டிலும் பிழையில்லை. மனச்சோர்வு என்று கொப்பியில் எழுதினார். பேர் ஒன்று கிடைத்ததே பாதிச் சுகம் மாதிரி இருந்தது.

மனச்சோர்வுக்குக் குளிசை தந்தார், ஃபுளுவொக்ஸிடின் 20 மில்லிகிராம், காலையில். முதல் நாட்களில் ஓங்காளம் வந்தது. இது வேலை செய்யவே இரண்டு மூன்று கிழமையாவது பிடிக்கும், சுகமான பிறகும் ஆறு மாதமாவது தொடரவேண்டும், சுகம் எண்டு நீங்களாவே நிப்பாட்டாதீங்க மகன் என்று டொக்டர் சொல்லித்தான் விட்டார். அதனால் பயப்படவில்லை.

இனித்தான் கம்பஸ் கூத்து. மெடிக்கல் ஏன் அவ்வளவு முக்கியம் என்று தெரிந்திருக்கும். அது இல்லாவிட்டால் அந்தப் பாடங்கள் ரிப்பீட், எவ்வளவு நன்றாக எழுதினாலும் ‘சி’க்கு மேல் போகாது. முதல் தடவை டிஸ்பென்சரித் துண்டைக் கொண்டுபோனேன், “கவர்மென்ட் மெடிக்கல்தான் வேணும்” என்று தள்ளிவிட்டார்கள். ஆஸ்பத்திரி மெடிக்கலோடு போனபோதுதான் மேலே சொன்ன வசனம். அதோடு, சோதனைத் திகதிகள் அதில் இல்லையாம். திரும்ப ஊருக்கு. டொக்டர் கொப்பியைப் புரட்டி, எப்போதிருந்து வருத்தம் என்று முதல் நாள் தானே எழுதிவைத்த பக்கத்தைப் பார்த்துத்தான் திகதி போட்டார். அந்தப் பக்கம் இல்லாவிட்டால் கதை முடிந்திருக்கும். ஆகவே முதல் நாளே எப்போது தொடங்கியது, எந்தச் சோதனை தவறியது என்று சொல்லி எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

கவுண்டரோடு வாதாடிப் பிரயோசனமில்லை. நான் நேரே கம்பஸ் மெடிக்கல் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்த டொக்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் உறுதிப்படுத்திக் கையெழுத்து வைத்தார். அதே கிளார்க் அதே கடிதத்தை வாய் திறக்காமல் எடுத்துக்கொண்டார். எனக்கு அது போதும்.

ஒறிஜினலைக் கொடுக்கமுதல் இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றில் ‘கிடைத்தது’ முத்திரையும் திகதியும் வாங்குங்கள். தரமாட்டோம் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். கிளினிக் நாள் வரைக்கும் தாங்க ஏலாமல் இருந்தால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். அந்த மூன்று பாடத்தையும் அடுத்த சோதனையில் முதல் தடவையாகவே எழுத விட்டிருக்கிறார்கள். புள்ளிவிபரவியல் இன்னும் விளங்கவில்லை, பெச்சில் ஒரு பெடியன் பின்னேரங்களில் சொல்லித் தருகிறான்.